மாந்தோப்புக்குப் போனால் அடுப்பை யார் மூட்டுவது?

மகனே,

கப்பலோட்டுகிற தண்டல்காரரிடம் நீ சொல்லியனுப்பிய சேதி வந்து சேர்ந்தது. சித்திரை பிறந்ததும் பெண்டாட்டி பிள்ளையோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி வருகிறாய். வந்தால் கப்பல் பாய் தைக்கிற ஊசியையும் துணியையும் கண்ணால் பார்க்காமல் அம்மாவோடும் சின்ன நைனாவான என்னோடும் சில நாள் சும்மா குந்தியிருக்க வேண்டும். அதற்கு முன்கூட்டியே என்ன ஏற்பாடு செய்து வைக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறாய். இந்த ஏரியின் நாலு கரையிலும் ஏற்பாடு என்றால் என் பெயரைத்தான் சொல்வார்கள். கோட்டையை ஆள்கிற உலாந்தாக்காரக் கப்பித்தான் தீவுப் பக்கம் பறவை சுடப் போனாரே, அந்தப் படகு வரிசைக்கு முழு ஏற்பாடும் நான்தான். கடைசித் தோணியில் தண்ணீர் இறைத்தேன் என்று குப்பத்தில் சிலர் சொல்வார்கள். தண்ணீர் இறைக்காவிட்டால் வேட்டை எங்கே, பறவை எங்கே, கப்பித்தான்தான் எங்கே? அதை யோசிக்க மாட்டார்கள்.

இந்தக் காகிதம் கோட்டைத் துபாஷி கொடுத்தது. ‘உன்னைப்போல எழுதத் தெரிந்த ஆள் கடலில் கிடந்து வீணாகிறாயே’ என்று அவர் கண்ணீர் விடாத குறை. வாத்தியாரிடம் நான் பாதிப் படிப்போடு நிறுத்திக்கொண்டதற்குக் காரணம், மீதி அவருக்கே தெரியாது என்பதுதான். ஆகையால் எழுத்து எங்கேயாவது கோணலாக இருந்தால் அது பேனாவின் கோணல். ஆனால் மனம் கோணலாக இருப்பதும் உண்மை. இந்த ஒரு மாதமாக நடந்ததெல்லாம் எது முன்னால், எது பின்னால், யார் சொன்னது சரி என்று எனக்கே தலை சுற்றுகிறது. எழுதினால் தெளியுமோ என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சும்மா இருப்பதைப் போலப் பெரிய வேலை உலகத்தில் இல்லை. வலை போடுகிறவன் வலையைத்தான் பார்க்க வேண்டும். சும்மா இருக்கப் போகிறவன் விட்டுப்போகிற ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். உன் மனைவி நெசவுக்காரர் வீட்டுப் பெண். இந்தக் கடிதத்தை நீ படித்துக் காட்டும்போது அவளுக்கு விளங்க வேண்டுமே என்பதற்காக நம் வலைப் பாடு முறையைக் கொஞ்சம் விளக்குகிறேன், நீ பொறுத்துக்கொள்.

மருமகளே, கேள். கடலும் ஏரியும் வாய் கலக்கிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் ஓடுகிற ஓர் இடம் இருக்கிறது. அங்கே எல்லாரும் ஒரே நேரத்தில் வலை கட்டினால் இறாலுக்குப் பதில் மண்டைதான் உடையும். அதனால் நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்திருக்கிறார்கள். அதைத்தான் பாடு என்கிறோம். முறை எந்த நாள் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. காற்று கெட்டால் தள்ளிப்போகும். ஒரு வீட்டில் சாவு என்றால் அந்த வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்கு வந்துவிடும். முறை வந்த அன்று விடியும் முன் ஊர்ப் பெரியதனம் கரையில் நின்று கூரைகளைப் பார்ப்பார். யார் முறையோ அந்த வீட்டுக் கூரையில் புகை வந்தால் தோணியை இறக்கலாம். புகை இல்லையென்றால் அது அடுப்பு அவிந்த வீடு, ஊரை விட்டுப் போன வீடு என்று கணக்கு. அந்த வீட்டுக்கு அதற்குப் பிறகு முறையே கிடையாது. இவ்வளவுதான். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கிறது, இல்லையா? இந்தச் சின்ன விஷயத்துக்காகத்தான் உன் மாமியார் உன் கல்யாணத்துக்கு வரவில்லை.

ராசா, இதை நீ மனதில் வைத்துக் குமைந்துகொண்டிருந்தால் இப்போதே இறக்கி வைத்துவிடு. உன் நைனாவை, என் அண்ணனை, கடல் கொண்டுபோன மறுவாரமே நம் முறை வந்தது. உன் அம்மா அழுதுகொண்டே அடுப்பை மூட்டினாள். நான் கழியை எடுத்துக்கொண்டு தோணியில் ஏறினேன். அன்றிலிருந்து வலைக்கு நான், அடுப்புக்கு அவள். உன் கல்யாணச் சேதி வந்தபோது நான் எவ்வளவோ சொன்னேன். “எம் புள்ள பாய் தெச்சது போதும்னு ஒரு நாள் திரும்பி வருவான்பா. வந்தா தண்ணியில அவனுக்கு ஒரு எடம் இருக்கணும். கல்யாணத்துக்கு வரலன்னு அவன் என்ன அப்பால திட்டிக்கலாம். எடம் போச்சுன்னா யாரு குடுப்பா?” என்றாள். நானே பேச்சை விட்டுவிட்டுத் தோணிக்குப் போய்விட்டேன் என்றால் அது எப்பேர்ப்பட்ட கேள்வி என்று பார்த்துக்கொள்.

ஓய்வு என்றதும் உன் நைனா ஞாபகம்தான் வருகிறது. நீ தவழ்ந்துகொண்டிருந்த காலம். அவனுக்குத் திடீரென்று ஆசை வந்துவிட்டது, எல்லாரையும் திருப்பாலைவனம் கூட்டிப்போய்த் திருவிழா காட்டி இரண்டு நாள் நிழலில் படுக்க வைக்க வேண்டும் என்று. ஒரு ஏற்பாடும் கிடையாது. புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு நினைத்த மாத்திரத்தில் தோணியைத் தள்ளினான். ஏரியில் பாதி தூரம் போனதும், கெட்டுக் கிடந்த காற்று நல்லதாகத் திரும்பியது. இந்தக் காற்றுக்கு நாளை நமக்கு முறை வந்துவிடும் என்று அவனுக்குப் பட்டது. தோணியைத் திருப்பிவிட்டான். நீ கத்தி ஊரைக் கூட்டினாய். உன் அம்மா கத்தவில்லை. வாசலில் வந்து உட்கார்ந்து மூட்டையைப் பிரித்து, எங்களுக்கெல்லாம் புளிச்சோற்றைப் போட்டாள். எனக்கு இரண்டு பங்கு. மறுநாள் முறை வரவும் இல்லை. அண்ணன் அதற்குப் பிறகு திருவிழா என்ற பேச்சையே எடுக்கவில்லை. அவனிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான், முன்னேற்பாடு. அதனால் இந்த முறை எதையும் விடக்கூடாது என்று நான் முடிவு கட்டினேன்.

உன் அம்மாவிடம் கருவாடு வாங்குகிற திருப்பாலைவனத்து முதலியாரைத் தெரியுமல்லவா? அவருக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. அதற்குள் காவல் குடிசை ஒன்று காலியாகக் கிடக்கிறது. கிணற்றில் தண்ணீர் இளநீர் மாதிரி. இங்கே நாம் குடிப்பதெல்லாம் பாதி கடல். நான் போய் நின்றதும் முதலியார் எழுந்து நின்று, ‘தோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றார். எழுந்து நின்றது மாட்டைப் பிடித்துக் கட்ட என்று அவருடைய வண்டிக்காரன் சொல்கிறான், அவன் பொறாமைக்காரன். குடிசை கிடைத்தது, அதுதான் விஷயம். குழந்தைக்குத் தூளி கட்ட எந்தக் கிளை என்பதுவரை தொங்கிப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டேன். முதலில் தொங்கிய கிளை இப்போது அந்த மரத்தில் இல்லை.

ஊருக்கு வந்ததும் மூட்டை கட்ட ஆரம்பித்தேன். பாய், பொன்னேரிச் சந்தையில் வாங்கிய புதுப் பானை, உலர்ந்த இறால், உப்புக்கண்டம், மழை வந்தால் போர்த்தப் பழைய பாய்த்துணி, மழை வராவிட்டால் நிழலுக்கு அதே துணி. உன் அம்மா இறால் உலர்த்திய கையோடு வந்து நின்று பார்த்தாள்.

“சும்மா குந்துறதுக்கு இம்மாம் மூட்டையா?”

“உனக்குத் தெரியாது அண்ணி. கோட்டையில தொரைங்க தோட்டத்துக்குப் போனா மேசைய கூடத் தூக்கிகினு போவாங்க.”

“அவங்களுக்குத் தூக்க ஆளு கீது. நமக்கு?”

“நான் இல்ல?”

“அதான் கேக்குறேன்,” என்று உள்ளே போய்விட்டாள்.

ஆனால் போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மூட்டையைப் பிரிக்கவும் இல்லை. ஒரு தடவை நான் வெளியே போய்த் திரும்பும்போது குழந்தைக்கென்று தன் பழைய சேலையைத் துவைத்து மடித்து மூட்டை மேல் வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்கு ஆசை இருக்கிறது. குறுக்கே நிற்பது அந்த அடுப்பு மட்டும்தான்.

அடுப்புக்கும் வழி கண்டுபிடித்தேன். பக்கத்து வீட்டுக் குப்பனைக் கூப்பிட்டேன். ஊரில் இன்னொரு வழக்கம் உண்டு: எவன் எந்த அடுப்பில் தின்கிறானோ அவன் அந்த வீட்டு ஆள். அண்ணன் தம்பி தனிக்குடித்தனம் போனால்கூட உலை பிரிந்த நாளிலிருந்துதான் இரண்டு வீடு, இரண்டு முறை. ஆகவே நாம் இல்லாத நாட்களில் குப்பன் தன் பெண்டாட்டியை விட்டு நம் அடுப்பை மூட்டி, நம் அடுப்பிலேயே தின்றால், அவன் நம் வீட்டு ஆள். முறை வந்தால் நம் வலையை அவனே கட்டலாம். பிடித்ததை அவனே வைத்துக்கொள்ளட்டும். அடுப்புக்கும் ஆயிற்று, வலைக்கும் ஆயிற்று. இப்படி ஒரு யோசனை இந்தக் குப்பத்தில் எவன் தலையிலாவது உதித்திருக்குமா? பெரியதனத்திடம் கேட்டேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு, “தப்புன்னு சொல்ல முடியலியே” என்றார். என் யோசனைகளுக்கு அவர் கொடுத்ததிலேயே பெரிய பாராட்டு அதுதான்.

நான் அத்தோடு விடவில்லை. முன்னேற்பாட்டுக்கும் ஒரு முன்னேற்பாடு வேண்டும் என்று ஒத்திகை வைத்தேன். அண்ணியை அழைத்துக்கொண்டு மூட்டையோடு ஏரியைக் கடந்து கோட்டைத் துறைக்குப் போய், தெரிந்தவர் வீட்டில் ஓர் இரவு தங்கி, காலையில் திரும்புவது. அந்த ஓர் இரவு குப்பன் நம் வீட்டில். அண்ணி கரை தாண்டிப் படுத்தது அன்றுதான். படுத்தாளே ஒழியத் தூங்கவில்லை. விடிகிற நேரத்தில் துறையில் போய் நின்று, “நம்ம கூரையில பொகை தெரீதா பாரேன்” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தெரிந்தது. அழகான, நேரான புகை. “பாத்தியா அண்ணி, நான் சொல்லல?” என்றேன். அவள் முகத்தில் ஒரு மாதிரி வெளிச்சம் வந்தது. மெய்யாலுமே வந்தது, இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

திரும்பிக் கரையேறினால் ஊரே கூடி நிற்கிறது. நடுவில் குப்பனின் பெண்டாட்டி முனியம்மா தலைவிரி கோலமாக நிற்கிறாள். என்ன ஆயிற்று என்றால், அந்த இரவில் வடக்குத் தெருவில் ஒரு கிழவர் செத்துப்போனார். காலையில் முறை அந்த வீட்டுக்கு வர வேண்டியது. சாவு வீட்டைத் தாண்டி முறை அடுத்த வீட்டுக்கு வந்துவிட்டது. அடுத்த வீடு குப்பன் வீடு. குப்பனோ நம் வீட்டில். புருஷன் ஒரு வீட்டிலும் தான் ஒரு வீட்டிலுமாகச் சமைப்பானேன் என்று முனியம்மாவும் ராத்திரியே நம் வீட்டுக்கு வந்து, நம் உலர்ந்த இறாலைப் போட்டுக் குழம்பு வைத்து, இரண்டு பேரும் தின்றுவிட்டு நன்றாகத் தூங்கியிருக்கிறார்கள். விடியும் முன் முனியம்மா எழுந்து நம் அடுப்பை மட்டும் மூட்டியிருக்கிறாள். விடியலில் பெரியதனம் பார்த்தால், முறை இல்லாத நம் கூரையில் ஜோரான புகை. முறை உள்ள குப்பன் கூரை வெறுங்கூரை. அடுப்பு அவிந்த வீடு.

“என் வூட்டு மொற போச்சுபா!” என்று குப்பன் என்னைப் பிடித்துக்கொண்டான். “உன் அடுப்ப மூட்டப் போயி என் அடுப்பு அவிஞ்சிச்சு. இப்ப நான் யாரு வூட்டு ஆளு? நீயே சொல்லு.”

“நம்ம வூட்டு ஆளுதான்,” என்றேன், அவனைத் தேற்றுவதற்காக.

“அப்போ உன் மொறையில பாதி எனக்குத் தா.”

“அது எப்டி?”

“அப்போ நான் உன் வூட்டு ஆளு இல்லியா?”

“இல்ல.”

“அப்போ நாங்க மூட்டின பொகை உன் வூட்டுக் கணக்குல எப்டிச் செல்லும்? உன் அடுப்பும் அவிஞ்சதுதான்!”

மகனே, நான் எவ்வளவோ வழக்குகளைத் தீர்த்தவன். கோட்டையிலேயே என்னைக் கேட்டு முடித்த வழக்குகள் உண்டு. ஆனால் அங்கே நின்றபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆமாம் என்றால் பாதி போகிறது. இல்லை என்றால் முழுதும் போகிறது. முனியம்மா வேறு, “அய்ய, உங்க எறாக் கொழம்ப துன்னதுக்கு எங்க குடியே முழுகணுமா?” என்று மண்ணை வாரித் தூற்றுகிறாள். பெரியதனம் மணலில் குச்சியால் இரண்டு வீடு போட்டார், கோடு இழுத்தார், அழித்தார், மறுபடி போட்டார். “நீ கம்முனு குந்தியிருந்தா இந்தப் பேஜாரே இல்லடா” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கம்மென்று குந்தியிருப்பதற்காகத்தானே இத்தனை ஏற்பாடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

ஊர் நடுவில் அவள் பேசி நான் பார்த்ததில்லை. அன்று பேசினாள். “அவன் அடுப்பு அவிஞ்சது எங்களுக்காவ. அவன் மொறைய அவனுக்குக் குடுத்துடுங்க. குடுக்க வழியில்லன்னா எங்களுத எடுத்து அவனுக்குக் குடுங்க. புள்ளகுட்டிக்காரன்.”

குப்பன் பிடித்திருந்த என் மேல்துண்டை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். எந்த முறைக்காக உன் கல்யாணத்தையே விட்டாளோ, அதை அவள் இரண்டே வார்த்தையில் தூக்கிக் கொடுக்கிறாள். எனக்கு அது எப்படி என்று இப்போதும் விளங்கவில்லை. உனக்கு விளங்கினால் வந்து சொல்.

கடைசியில் பெரியதனம் ஒரு தீர்ப்புச் சொன்னார். குப்பன் முறை குப்பனுக்கே. நம் முறை நமக்கே. ஆனால் இன்றிலிருந்து ஒரு வீட்டு அடுப்பை அந்த வீட்டு ஆளே மூட்ட வேண்டும், இரவல் ஆள் கூடாது. எல்லாரும் கலைந்தார்கள். நியாயமான தீர்ப்புதான். ஆனால் நம் மாந்தோப்பின் மேல் அது இடி மாதிரி விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் அண்ணி மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பானையை எடுத்துக் கவிழ்த்தாள். குழந்தைக்கு மடித்த சேலையை மறுபடி கொடியில் போட்டாள்.

“உன் ஏற்பாடெல்லாம் முடிஞ்சுதா? புள்ள வந்தா இங்கியே இந்த வெயில்லியே குந்தட்டும். நான் எறா காய வெச்சிகினே பாத்துக்கறேன்,” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு பல நாள் நான் எந்த ஏற்பாடும் செய்யவில்லை. இதை ஊரே கண்டு அதிசயப்பட்டது. தோணியில் போகும்போதும் வலை உலர்த்தும்போதும் இதே யோசனை. அண்ணி போக வேண்டும். அடுப்பு எரிய வேண்டும். மூட்டுவது வீட்டு ஆளாக இருக்க வேண்டும். வீட்டு ஆள் யார்? அண்ணி, நீ. நீ நாகப்பட்டினத்தில். அண்ணி தோப்பில். எத்தனை தடவை எண்ணினாலும் ஆள் போதவில்லை. நான் கூட்டிக்கொண்டு போகிறவன் அல்லவா, என்னை நான் எண்ணவே இல்லை. ஒரு நாள் விடியலில் நம் முறை என்று பெரியதனத்தின் ஆள் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனான். அண்ணி முந்தின நாள் முழுதும் வெயிலில் நின்றவள், அசந்து தூங்குகிறாள். எழுப்பப் போனவன் நின்றுவிட்டேன். அடுப்பு அதோ இருக்கிறது. விறகு அதோ இருக்கிறது. என் கை இதோ இருக்கிறது.

மகனே, புயலில் கடல் மேல் தோணி விட்டவன் நான். பீரங்கி வெடிக்கும்போது கோட்டைச் சுவர் ஓரம் நின்று மீன் பிடித்தவன். ஆனால் அடுப்பு மூட்டுவது வேறு சங்கதி. முதலில் புகை என் கண்ணுக்குள் போனது. பிறகு வாய்க்குள். கூரைக்கு மட்டும் போக மாட்டேன் என்றது. ஊதினேன், விசிறினேன், கெஞ்சினேன். இருமல் சத்தத்தில் அண்ணி எழுந்து வந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். என் முகம் என்ன நிறத்தில் இருந்ததோ தெரியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அண்ணன் போன பிறகு அப்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை. கிட்டே வரப் பார்த்தாள். “தள்ளு அண்ணி, தொடாத! நீ தொட்டா இது நீ மூட்டினதாப் பூடும்,” என்று குறுக்கே கையை நீட்டினேன். அந்த நேரத்தில் விறகு பற்றிக்கொண்டது. கூரையிலிருந்து கிளம்பிய புகையைப் பார்த்துக் குப்பம் தீப்பிடித்ததோ என்று கோட்டையில் மணி அடித்தார்களாம். அடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே.

கரைக்கு ஓடினேன். பெரியதனம் என் கரி முகத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

“இன்னாடா இது? யாரு மூட்டினது?”

“நான்தான்.”

“ஆம்பள மூட்டின அடுப்பு கணக்குல சேருமா?” அவர் பக்கத்திலிருந்த கிழவர்களைப் பார்த்தார். கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சேரும் என்று சொன்ன வழக்கமும் இல்லை, சேராது என்று சொன்ன வழக்கமும் இல்லை. யாரும் செய்ததில்லை, அதனால் யாரும் கேட்டதில்லை.

வலை தூக்க வந்த முனியம்மாதான் தீர்த்து வைத்தாள். “பொகையப் பாத்து இது ஆம்பளப் பொகை, இது பொம்பளப் பொகைன்னு சொல்லுவியா பெரியவரே? வூட்டு ஆளு மூட்டணும்னு நீதான சொன்ன? இந்த மூஞ்சியப் பாத்தா வேற எவன் மூட்டினான்னு தெரீது?”

பெரியதனம் சிரித்துவிட்டார். தோணியை இறக்கினேன். அன்று விழுந்த இறாலைப் பற்றி எழுதினால் காகிதம் போதாது. ஒவ்வொன்றும் என் முழங்கை நீளம். சரி, உள்ளங்கை நீளம் என்று வைத்துக்கொள்.

திரும்பி வந்ததும் அண்ணியிடம் சொன்னேன், “நீ கெளம்பு. அடுப்புக்கும் நான், வலைக்கும் நான்.” அவள் நம்பவில்லை. “நீ வராம இன்னா குடும்பத்தோட குந்துறது? இத்தினி ஏற்பாடு பண்ணது நீ,” என்றாள். நான் சொன்னேன், ஏற்பாடு செய்கிறவன் எந்த ஊரிலும் விருந்தில் உட்காருவதில்லை, பரிமாறுகிற இடத்தில்தான் நிற்பான் என்று. உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தத் தோப்பில் உட்கார ஆசைதான். தூளிக் கிளைக்குக் கீழே எனக்கென்று ஓர் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். ஆனால் இப்போது அதை யோசித்தால், இது முதலிலேயே என் திட்டமாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று படுகிறது. நடுவில் மறந்துபோயிருப்பேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதை உன் மனைவிக்குப் படித்துக் காட்டாமல் நீ மட்டும் படி. உன் அம்மா உனக்கு இடம் பிடித்து வைத்துக்கொண்டு இத்தனை காலம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். நீ திரும்பி வருவாயா, பாய் தைப்பதே போதும் என்று இருப்பாயா, எனக்குத் தெரியாது. உனக்கே தெரியாமல் இருக்கலாம். அதற்காக வெட்கப்படாதே, எனக்கும் இந்த வயதில் பாதி விஷயம் தெரியவில்லை. ஆனால் தோப்பில் அவளோடு உட்கார்ந்திருக்கும் நாட்களில் அதைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்காதே. அவள் எடுத்தாலும், “சின்ன நைனா பாத்துக்கிறாரு” என்று சொல்லிவிடு. நான் இருக்கும்வரை கூரையில் புகை வரும். நீ முடிவு செய்ய அவசரமில்லை. ஓய்வுக்கு வருகிறவன் மூட்டையில் கட்டக்கூடாத ஒரே சாமான் அதுதான்.

அவள் நேற்றே கிளம்பிவிட்டாள். உனக்கு முன்னால் போய்க் குடிசையை மெழுகி வைக்கிறேன் என்று சாக்கு. கோட்டைத் துறைவரை நான் தோணியில் கொண்டுபோய் விட்டேன். அங்கே காத்திருந்த முதலியாரின் வண்டியில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். சாமான் இறக்கிவிட்டுத் திரும்பிய வண்டிக்காரனைக் கேட்டேன். குடிசையை மெழுகவே இல்லையாம். மரத்தடியில் பாயை விரித்து, பட்டப்பகலில், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாளாம். அவன் பொறாமைக்காரன்தான், ஆனால் இதை அவன் இட்டுக்கட்டிச் சொல்லியிருக்க முடியாது.

ஆகையால் நீ கோட்டைத் துறையில் இறங்கியதும் குப்பத்துக்கு வராதே. நேராகத் திருப்பாலைவனம் போ. குழந்தையை முதலில் அவள் மடியில் போடு, பிறகு மற்றதெல்லாம். நீங்கள் போதும் என்கிறவரை உட்கார்ந்துவிட்டு வாருங்கள். இங்கே ஒரு குறையும் இல்லை. நான் வைக்கிற கஞ்சியைக் கேட்டுத் தண்டல்காரரே ஒரு வாய் தின்றுவிட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார். கஞ்சி கொஞ்சம் சப்பென்று இருக்கிறது, அவ்வளவுதான். உப்புச் சட்டி எங்கே இருக்கிறது என்று மட்டும் உன் அம்மாவிடம் கேட்டுச் சொல்லியனுப்பு. வண்டியில் ஏறும்போது அவள் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றதில், எனக்குக் காதில் விழவில்லை.

உன்
சின்ன நைனா